புள்ளி எட்டு

யாஸ்னா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்,
முழங்கால் டெஸ்கில் இடிக்க, மடியில் நோட்டு,
கையில் அவள் அண்ணனின் பழைய ஸ்டாப் வாட்ச்.
பயிற்சிக்கு வந்த பெண். இருபத்திரண்டு வயது.
ஏதோ கல்லூரி வேலை, அளந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

புன்டா அரேனாஸில் எதையும் அளப்பார்கள்.
காற்றின் வேகத்தை, பிடித்த நண்டின் ஓட்டை,
வசந்தம் வந்தால் வெயிலைக்கூட.
நான் என் மௌனத்தை அளந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தாளை நீட்டினாள்.
கேள்வி கேட்டபின் நான் காத்திருக்கும் நேரம்:
மாக்தலேனாவுக்கு நான்கு நொடி.
டாக்டர் வீட்டுப் பையனுக்கு நான்கரை.
எஃப்ராயின் மான்சில்லாவுக்கு
புள்ளி எட்டு.

"இருபத்தாறு வருஷமா இந்த வேலையில இருக்கேன்" என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

புள்ளி எட்டு நொடியில் என்ன செய்ய முடியும்?
ஒரு தும்மலுக்குக்கூடப் போதாது.
அவன் நாக்கு பல்லுக்குப் பின்னால் எழுந்து நிற்பதற்குள்
"பரவாயில்லை கண்ணா, உட்கார்" என்றிருக்கிறேன்,
எவ்வளவு இனிப்பாக!
திட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும் அவனுக்கு.
நான் இரக்கப்பட்டேன்.
அந்த இரக்கத்தை அவன்
மார்க் ஷீட்டைப் போலப் படித்துக்கொண்டான்,
வருடம் முழுக்க, ஒரு வரி விடாமல்.

திங்கட்கிழமை. பின்னம்.
எது பெரிது, மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா?
அவன் பெயரைச் சொல்லிவிட்டு
டஸ்டரை இறுகப் பிடித்துக்கொண்டேன்,
வாயைப் பிடித்துக்கொள்ள முடியாததால்.
ஒன்று. இரண்டு.
மாக்தலேனாவின் கை கொடிக்கம்பமாய் நின்றது.
ஐந்து. தகரக் கூரையைக் காற்று பிறாண்டியது.
ஏழு. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்,
ஏன் இன்னும் விடுதலை செய்யவில்லை என்பதுபோல.
ஒன்பது.

"எதில்?" என்றான்.

வகுப்பு சிரித்தது.
"எதில் மூன்றில் ஒன்று? குட்டி ரொட்டியிலா?
அப்படின்னா, பெரிய ரொட்டியில் நான்கில் ஒன்றுதானே பெரிசு?"
நெடுநாள் மூடிக் கிடந்த குழாயைத் திறந்தாற்போல் குரல்,
முதலில் துரு, இருமல்,
அப்புறம்தான் தண்ணீர்.

எந்த வகுப்பிலிருந்து இதை வைத்துக்கொண்டிருந்தானோ.
கரும்பலகையில் 'எதில்?' என்று எழுதினேன்.
கேள்விக்குறி கொஞ்சம் கோணலாக வந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
மறுநாள் மூன்று கேள்வி, மூன்றுக்கும் தப்பு.
ஆனால் கடைசிச் சொல்வரை
அவனே சொல்லி முடித்த தப்பு.

பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வந்தார்,
நண்டுப் படகிலிருந்து நேராக,
சோப்பையும் மீறி டீசல் வாசம்.
பள்ளியில் என்ன பிடிக்கும் என்று பையனைக் கேட்டேன்.
"அவனுக்குப் பேச்சு வராதுங்க.
எங்க வம்சத்துக்கே படிப்பு ஒட்டாது" என்றார் சிரித்தபடி,
இந்த மூக்கு யாருடையது என்று சொல்வதைப்போல.
பையனும் சிரித்தான். மூக்கைத் தடவிக்கொண்டான்.

கையை மேசைமேல் விரித்து வைத்தேன்: பொறுங்கள்.
மூவரும் பொறுத்தோம்.
ஆறாவது நொடியில் அப்பா உடைந்தார்.
"வரைபடம்தானே? வரைபடம்னு சொல்லு."
பையன் தலையாட்டினான்.
அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிளம்பியபோது
எஃப்ராயின் முன்னால் போய்
தெருவோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றான்.
அப்பா மட்டும் வாசலில் திரும்பினார்.
"எவ்வளவு நேரம்தான் காத்திருக்கணும், டீச்சர்?"

ஏதேதோ தோன்றியது. எதுவும் விடையில்லை.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு,
திறந்த கதவைத் தோளால் தாங்கியபடி,
காற்று உள்ளே புகுந்து என் தாள்களைக் கலைக்கக் கலைக்க,
காத்திருந்தார்.